கேன்டீனில் பூண்டு கூடாது

நான் நின்றுகொண்டே பேசினால் உங்களுக்குத் தொந்தரவு இல்லையே, மேடம்? நாற்காலியில் குறையொன்றும் இல்லை. எனக்குத்தான் ஓரிடத்தில் இருப்புக்கொள்ளாது. சின்ன வயதிலிருந்தே அப்படி. இயக்குநர் குழுக் கூட்டத்தில் மற்றவர்கள் மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள், நான் ஜன்னலோரமாக நடந்துகொண்டே பேசுவேன். ஆரம்பத்தில் முகம் சுளித்தார்கள். அப்புறம் பழகிவிட்டது.

முடிந்தால் அந்த ஜன்னலை இறுக்கிச் சாத்தச் சொல்லுங்கள். நீங்கள் தெற்கே தாய்னான்காரர் என்று வாசலில் சொன்னார்கள். உங்கள் ஊரில் வெயில்தான் பிரச்சினை. இங்கே சின்ச்சுவில் இலையுதிர் காலத்தில் ஆரம்பித்தால் குளிர் முடியும்வரை இந்தக் காற்று விடாது, கதவு ஜன்னலெல்லாம் கடகடவென்று ஆடிக்கொண்டேயிருக்கும். என் அப்பா இந்தக் காற்றை நம்பித்தான் பிழைத்தார். மூங்கில் தட்டிகளில் அரிசி சேமியா காயப்போடுவார். காற்று நின்றுவிட்டால் சேமியா புளித்துப்போகும், வீட்டில் யாரும் பேசமாட்டார்கள். எதுவும் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தால்தான் சோறு என்பது எனக்கு அங்கேயே மனதில் பதிந்துவிட்டது.

சாட்சியாகத்தான் என்னைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். லியாவ் வென்-குன் எப்படி இறந்தான் என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னால் போதும், கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகலாம் என்றார்கள். நல்லது, மத்தியானம் எனக்கு ஒரு கூட்டம் இருக்கிறது. ஆனால் தெரிந்ததைச் சொல்வதென்றால் பூண்டிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இல்லாவிட்டால் உங்களுக்குப் புரியாது.

சிப் செய்கிற சிலிக்கான் தட்டுக்குள் ஆர்சனிக்கைச் செலுத்துவதற்கு ஆர்சைன் என்று ஒரு விஷவாயு வேண்டும். நிறம் கிடையாது. கண் எரியாது, தொண்டை கரகரக்காது. லேசாகப் பூண்டு வாசனை அடிக்கும், அவ்வளவுதான். அந்த வாசனை மூக்குக்கு எட்டிவிட்டால் அளவு ஏற்கெனவே மீறிவிட்டது என்று அர்த்தம். ஆனாலும் ஆள் உடனே விழமாட்டான். நடப்பான், சிரிப்பான், வீட்டுக்குப் போய்ச் சாப்பிடக்கூடச் செய்வான். சில மணி நேரம் கழித்துத்தான் உள்ளே இரத்தம் உடைய ஆரம்பிக்கும். அதற்குள் ஆஸ்பத்திரிக்குப் போய் வாயுவின் பெயரைச் சொல்லிவிட்டால், இரத்தத்தை மாற்றிப் பிழைக்கவைத்துவிடலாம். எங்கள் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்கிற எல்லோருக்கும் முதல் நாளே இதைச் சொல்லிக்கொடுக்கிறோம். அந்தப் பாடத்தை எழுதியதே நான்தான்.

நான் இளம் பொறியாளனாக இருந்தபோது ஒரு தடவை கீழ்த்தளத்தில் பூண்டு வாசனை வந்தது. மேலே தூசியில்லாத அறையில் மெஷின்கள் நிற்கும், அவற்றுக்கு வேண்டிய வாயு, தண்ணீர், பம்பு எல்லாம் கீழ்த்தளத்தில். அன்று அங்கே வேலை செய்த பையன்கள் "யாருடா சாசேஜ் தின்னுட்டு வந்தது?" என்று ஒருத்தன் வாயை ஒருத்தன் மோந்து பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கரியில் சுட்ட பன்றிக்கறி சாசேஜை ஒரு கடி, பச்சைப் பூண்டு ஒரு பல் என்று தின்பதுதானே நமது ஊர்ப் பழக்கம். நான் அந்தப் பக்கம் நடந்து போனேன். என்னால் உட்கார முடியாது என்றேனே, அதனால்தான் போனேன். அவர்களைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளினேன். யாரும் சாகவில்லை.

அடுத்த வாரம் ஒரு விதி கொண்டுவந்தேன். கேன்டீனில் பூண்டு கூடாது. வெளியிலிருந்து வாங்கிவரவும் கூடாது, பூண்டு தின்றுவிட்டு ஷிஃப்டுக்கு வரவும் கூடாது. அப்போதுதான் உள்ளே பூண்டு வாசனை அடித்தால் அதற்கு ஒரே ஒரு அர்த்தம் இருக்கும். எல்லோரும் கேலி செய்தார்கள். பூண்டு இல்லாமல் நூடுல்ஸ் தின்பதைவிட விஷவாயுவே மேல் என்றார்கள். நான் பிடிவாதமாக நின்றேன். கேன்டீன் சுவரில் பெரிய பலகை எழுதி மாட்டினோம். அந்தப் பலகையை என்னோடு சேர்ந்து ஸ்டூல் மேல் ஏறி நின்று ஆணியடித்தவன் குன்.

குன் கல்லூரியில் எனக்கு ஜூனியர். கடைசிவரை என்னை "சீனியர்" என்றுதான் கூப்பிட்டான். நான் ஆலைத் தலைவரானபோது அவன் எனக்குத் துணை. நான் கம்பெனியின் துணைத் தலைவரானபோது ஆலை அவன் கைக்கு வந்தது. நான் இயக்குநர் குழுவில் உட்கார்ந்ததும் அவனால்தான். உட்கார்ந்தது என்று பேச்சுக்குச் சொல்கிறேன். இத்தனை வருடம் ஒரு உயிர்கூடப் போகாத ஆலையை நடத்தியவர் என்று வெளிநாட்டுப் பங்குதாரர்களுக்கு என்னை அறிமுகப்படுத்தினார்கள். பாதுகாப்புக் குழுவுக்கும் என்னையே பொறுப்பாக்கினார்கள்.

குன் பெரிய உடம்புக்காரன், பெரிய சிரிப்பு. சாசேஜ் என்றால் உயிர். ஞாயிற்றுக்கிழமையானால் கோயில் பக்கத்துக் கடையில் நின்று வயிறு முட்டத் தின்பான். வேலை நாளில் ஒரு பல் பூண்டைத் தொட்டதில்லை. "சீனியர், நீங்க போட்ட சட்டத்துல என் பாதி ஆயுசு ருசி கெட்டுப் போச்சு" என்பான். என்னைப் பார்த்தால் அவனுக்கு ஏதாவது சொல்லாமல் இருக்க முடியாது. "ஒங்க கால்ல யாரு சக்கரம் கட்டி விட்டாங்க? சாமி ஊர்வலம்கூட நாலு எடத்துல நிக்கும், நீங்க நிக்க மாட்டேங்கறீங்களே." இப்படிப் பேசுகிற உரிமை அந்தக் கட்டடத்தில் அவன் ஒருவனுக்குத்தான் இருந்தது. எனக்கு அது பிடித்திருந்தது.

போன வருடக் கடைசியில் எங்கள் கம்பெனித் தலைவர் உடம்பு முடியாமல் விலகப்போவதாகச் சொன்னார். அடுத்த தலைவர் யார் என்பதில் இரண்டு பெயர் இருந்தது. ஒன்று நான். இன்னொன்று நிதியைப் பார்த்துக்கொண்ட ஹுவாங். ஹுவாங் நல்ல மனிதர், ஆனால் ஒரு நாளும் கீழ்த்தளத்தில் இறங்கியதில்லை. அவரிடம் ஆலையைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். இயக்குநர்களில் பாதிப் பேர் அவர் பக்கம், பாதிப் பேர் என் பக்கம். அமெரிக்காவிலிருந்து ஒரு பெரிய வாடிக்கையாளர் ஆலையைப் பார்க்க வருவதாக இருந்தது. அவர்கள் ஒப்பந்தம் போட்டால் தலைவர் பதவி எனக்கு, இல்லாவிட்டால் அவருக்கு. யாரும் வாய் திறந்து சொல்லவில்லை. ஆனால் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

அந்தச் சமயம் பார்த்துக் கீழ்த்தளத்தில் வாயு அலாரம் புதிதாக மாற்றியிருந்தோம். ரொம்பச் சுறுசுறுப்பான அலாரம். ஈரம் கூடினால் கத்தும், யாராவது தரையைத் துடைத்தால் கத்தும். கத்தினால் எல்லோரும் வெளியே ஓட வேண்டும், லைன் நிற்கும், பாதி வேலையில் இருக்கிற தட்டுகள் குப்பைக்குப் போகும். மெஷின்காரர்கள் வழக்கம்போல அலாரப் பெட்டி மேல் பச்சைப் பொட்டலம் வைத்தார்கள். உங்கள் அலுவலகக் கம்ப்யூட்டர் மேலும் ஒன்று இருக்கிறதே, அதே தேங்காய்ச் சோளப்பொரிதான். அந்தப் பொரியின் பெயருக்கே சமர்த்து என்றுதானே அர்த்தம், மெஷினும் சமர்த்தாக இருக்கட்டும் என்று வைப்பது. அலாரம் பொட்டலத்தை மதிக்கவில்லை.

வாடிக்கையாளர்கள் வருவதற்கு முந்தைய நாள் குன் அறைக்குப் போனேன்.

"குன், ரெண்டு நாளைக்கு அந்த அலாரத்தக் கொஞ்சம் மந்தமாக்கி வை" என்றேன்.

அவன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் எழுந்து போய்க் கதவைச் சாத்தினான்.

"சீனியர், மொதல்ல ஒக்காருங்க. நீங்க குறுக்கும் நெடுக்கும் நடந்தா எனக்குத் தல சுத்துது. என்ன பேசறோம்னு தெரிஞ்சுதான் பேசறீங்களா?"

"இந்த மாசம் எத்தன தடவ கத்துச்சு? ஒரு தடவயாவது எதாவது கசிஞ்சுதா?"

"கசியல. அதுக்காக?"

"விருந்தாளிங்க கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிக்கறப்ப கத்துனா என்னாகும்?"

"எல்லாரும் ஓடுவாங்க. அலாரம் அடிச்சா ஓடணும்னு நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க?"

"ஹுவாங் வந்தா மொதல்ல எதுல கை வெப்பான் தெரியுமா? உன் ஆளுங்க மேலதான். பாதுகாப்புக்கு இத்தன பேரு எதுக்குன்னு கேப்பான். பாதிப் பேர வீட்டுக்கு அனுப்புவான். இப்ப ரெண்டு நாள் பல்லக் கடிச்சுக்கிட்டா, அப்புறம் உனக்கு வேண்டிய அலாரத்த நீ வாங்கிக்கலாம்."

குன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டான். "காலேஜ்ல ஒங்க சட்டையெல்லாம் துவைச்சுக் குடுத்தேன். மறுபேச்சுப் பேசல. ஆனா இது சட்டையில்ல, சீனியர்."

"தெரியும். நான் உன்ன வேற எதுவும் கேட்டதில்ல."

இது பொய். நான் அவனை எத்தனையோ கேட்டிருக்கிறேன். ஆனால் அவன் திருத்தவில்லை.

"சரி" என்றான். "ரெண்டே நாள். ஆனா ஒண்ணு, ரெண்டு நாளும் சாயங்காலம் நானே கீழ எறங்கி ஒவ்வொரு மெஷினா மோந்து பாத்துட்டு வருவேன். நம்ம கட்டடத்துல பூண்டு கெடையாது. பூண்டு அடிச்சா அது ஒண்ணுதான். மூச்சப் புடிச்சுக்கிட்டு ஓடி வருவேன், லைன நிறுத்துவேன், நேரா ஆஸ்பத்திரிக்குப் போவேன். அப்ப வந்து யாரும் எங்கிட்ட விருந்தாளி, கிருந்தாளின்னு பேசக் கூடாது."

"நாய் மாதிரி மோந்து பாக்கப் போறியா?"

"நாய்க்கு இவ்வளவு சம்பளம் யாரு குடுப்பா?" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டான். ஆலைத் தலைவர் கையெழுத்து இருந்தால்தான் அலாரத்தின் அளவை மாற்ற முடியும். உங்கள் விசாரணை அறிக்கையில் அவன் பெயர் மட்டும் இருப்பது அதனால்தான். அலாரத்தைக் குறைத்தது அவன், அதனால் செத்ததும் அவன், கவனக்குறைவு என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் முதல் பகுதியைத் திருத்திக்கொள்ளுங்கள். குறைக்கச் சொன்னது நான்.

கொஞ்சம் தண்ணீர் கிடைக்குமா? நன்றி. இல்லை, நின்றே குடிக்கிறேன்.

விருந்தாளிகள் வந்தார்கள். அலாரம் சத்தமில்லாமல் இருந்தது. மெஷின்காரர்கள் பச்சைப் பொட்டலம் வேலை செய்கிறது என்று சொல்லி அதற்கு ஒரு கும்பிடு போட்டார்களாம். அன்று மத்தியானம் நான் எல்லோருக்கும் ஒரு விருந்து கொடுத்தேன். வெளிநாட்டுக்காரர்களுக்கு நமது ஊர்ச் சாப்பாட்டைக் காட்ட வேண்டாமா? கேன்டீன் முற்றத்தில் கரியடுப்பு போட்டு, சாசேஜ் சுட்டு, கூடை நிறையப் பச்சைப் பூண்டு உரித்து வைத்தார்கள். சுவரில் இருந்த பலகையை அன்றைக்கு மட்டும் திருப்பி மாட்டச் சொன்னேன். இத்தனை வருடம் பூண்டு இல்லாமல் சாப்பிட்ட ஜனங்கள், கேட்க வேண்டுமா? கல்யாண வீடு போல இருந்தது. சில பேர் பூண்டைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டுக் கடித்தார்கள்.

குன் மட்டும் தட்டோடு ஒதுங்கி நின்றான். என்னைப் பார்த்ததும் பக்கத்தில் வந்தான்.

"என்ன சீனியர் இது? இன்னிக்கா? இன்னிக்கிப் போயா?" என்று காதோரம் கேட்டான்.

"விருந்தாளிங்க கேட்டாங்கப்பா. நீ கீழ போறது சாயங்காலம்தான? பல்ல வெளக்கிட்டுப் போ."

"எல்லாப் பயலும் ஏப்பம் விட்டுக்கிட்டுத் திரிவான். நான் எதை மோந்து பாக்கறது?"

 அடுப்பிலிருந்து நல்லதாக ஒரு சாசேஜை எடுத்து அவன் தட்டில் வைத்தேன். அதன் மேல் மூன்று நான்கு பல் பூண்டு வைத்தேன். விருந்தாளிகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள், தொழிலாளர்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரோ கைதட்டினார்கள். சீனியர் தன் கையால் எடுத்து வைத்ததை அத்தனை பேர் முன்னால் குன் வேண்டாமென்று சொல்லமாட்டான். நம்மில் யார் சொல்வோம்? அவன் ஒரு கடி கடித்தான். முகத்தைப் பார்த்திருக்க வேண்டும், மேடம். கண்ணை மூடிக்கொண்டான். அப்புறம் அவனே இன்னும் இரண்டு எடுத்துக்கொண்டான்.

சாயங்காலம் சொன்னபடி கீழே போனான். வழக்கத்தைவிட நிதானமாகச் சுற்றினானாம். ஒரு மெஷினுக்குப் பின்னால் ஏதோ வால்வு சந்தேகமாக இருந்தது என்று அங்கேயே குந்தி உட்கார்ந்து ரொம்ப நேரம் பார்த்திருக்கிறான். மேலே வந்தபோது நான் நடைபாதையில் நடந்துகொண்டிருந்தேன்.

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா கீழ பூரா பூண்டு. ரெண்டு தடவ பல்ல வெளக்கிட்டேன், போக மாட்டேங்குது. என் வாயே எனக்கு அலாரம் அடிக்குது, சீனியர்" என்று சிரித்தான்.

"அப்படியா?" என்றேன்.

"லேசாத் தல வலிக்குது. ரொம்பத் தின்னுட்டேன்."

"வீட்டுக்குப் போயிப் படு" என்றேன்.

அவன் போனான். விருந்தாளிகள் இன்னும் ஒரு நாள் இருந்தார்கள். மறுநாள் காலை குன் வேலைக்கு வரவில்லை. இடுப்பு வலி, சிறுநீர் கறுத்துச் சிவந்து போகிறது என்று அவன் மனைவி யூ-ச்சின் போன் செய்தாள். அவளுக்கு இந்த வாயு விஷயமெல்லாம் தெரியாது. ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகச் சொன்னேன். நானும் போனேன். அவன் மஞ்சளாகிப் படுத்திருந்தான். நேற்று என்ன சாப்பிட்டார் என்று டாக்டர் கேட்டார். சாசேஜ் என்று சொன்னேன். அது உண்மைதான். அவர்கள் ஈரல், உணவு விஷம் என்று அந்தப் பக்கமாகவே தேடினார்கள். விருந்தாளிகள் மாலையில் விமானம் ஏறினார்கள், ஒப்பந்தம் உறுதி என்று கைகுலுக்கிவிட்டுத்தான் போனார்கள். அதற்கப்புறம் அலாரத்தைப் பழைய அளவுக்குத் திருப்பினோம். திருப்பியதுமே கத்தியது. அந்த மெஷினுக்குப் பின்னால்தான் கசிவு. ஆஸ்பத்திரிக்கு உடனே சொல்லியனுப்பினேன். அப்போது சிறுநீரகம் நின்றுவிட்டிருந்தது. இரத்தம் மாற்றிப் பார்த்தார்கள். வார இறுதிக்குள் போய்விட்டான்.

இதுவரை சொன்னதில் பெரும்பாலானது உங்களுக்குத் தெரிந்ததுதான். இதோடு கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகலாம் என்றுதான் வந்தேன். ஆனால் போன வாரம் யூ-ச்சின் என் புது அலுவலகத்துக்கு வந்தாள். தலைவரான பிறகு முதல் தடவையாக அவளைப் பார்க்கிறேன். புத்தாண்டுக்காக வீட்டில் செய்து காயவைத்த சாசேஜ், துணிப்பையில் கொஞ்சம் பூண்டு கொண்டுவந்திருந்தாள். உட்காரச் சொன்னேன். நான் நடந்துகொண்டிருந்ததால் அவளும் உட்காரவில்லை.

"அண்ணே, அன்னிக்கு வீட்டுக்கு வந்ததும் என்ன சொன்னாரு தெரியுமா? சீனியர் தன் கையால எடுத்து வெச்சாருன்னாரு. சின்னப் புள்ளயாட்டம் சந்தோஷம். தலவலியோட சொல்லிச் சொல்லிச் சிரிச்சாரு. அதான் இத செஞ்சு எடுத்துட்டு வந்தேன்."

நான் நன்றி சொன்னேன்.

அவள் பையின் காதைத் திருகிக்கொண்டே நின்றாள். "இன்னொண்ணும் சொல்லணும். அவரு அந்த அலாரத்தக் கொறச்சு வெச்சிட்டாராமே. ஒங்களுக்குக்கூடத் தெரியாம. ஏன் அப்படிச் செஞ்சாருன்னு எனக்கு வெளங்கவே இல்ல. ஒங்களுக்கும் கம்பெனிக்கும் எவ்வளவு கெட்ட பேரு. அவருக்காக நான் மன்னிப்பு கேட்டுக்கறேண்ணே."

குனிந்து வணங்கினாள், மேடம். தலை கிட்டத்தட்ட மேஜையில் படுகிற அளவுக்கு.

"பரவாயில்ல, யூ-ச்சின். அவன் நல்லவன்" என்றேன்.

அவள் போனபிறகு அந்தப் பை அறையில் இருந்தது. ஜன்னலைத் திறந்தேன். பையை அலுவலகத்தில் வேலை செய்பவர்களிடம் கொடுத்துவிட்டேன். வாசனை போகவில்லை. காரிலும் அடித்தது, வீட்டிலும் அடித்தது. என் மனைவி பாவ்-ஜூ வீட்டில் பூண்டே இல்லை என்று சமையலறையைத் திறந்து காட்டினாள். நான் ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தம் கொடுத்துச் சோதித்தேன். ஒன்றும் இல்லை. மறுநாளும் போனேன். ஒன்றும் இல்லை. தூக்கம் வராமல் கட்டிலைச் சுற்றிச் சுற்றி நடக்கிறேன். இங்கே வரும்போது லிஃப்டில் அடித்தது. இப்போதும் லேசாக அடிக்கிறது. உங்களுக்கு அடிக்கவில்லை, இல்லையா?

அதனால் நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அது வெளியே வந்துவிட்டால் வாசனை நின்றாலும் நிற்கலாம்.

விருந்தாளிகள் வந்த அன்று காலை, அவர்கள் மாடியில் திரையில் ஏதோ படம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என்னால் உட்கார முடியவில்லை. கீழ்த்தளத்துக்கு இறங்கி நடந்தேன். அந்த மெஷினுக்குப் பின்னால் போனதும் பூண்டு வாசனை வந்தது. அப்போது கட்டடத்தில் ஒரு பல் பூண்டு கிடையாது. இளமையில் ஒரு தடவை மோந்தது, மறக்குமா? மூச்சைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தேன்.

நடைபாதையில் நடந்தபடி நிதானமாகத்தான் யோசித்தேன். யாரிடமாவது சொன்னால் லைன் நிற்கும், விருந்தாளிகள் திரும்பிப் போவார்கள், ஹுவாங் வருவார். சொல்லாவிட்டால் அலாரம் கத்தாது, அதைத்தான் மந்தமாக்கிவிட்டோமே. ஆனால் சாயங்காலம் குன் இறங்குவான். மோந்து பார்ப்பான். ஓடி வந்து லைனை நிறுத்துவான். யார் சொன்னாலும் கேட்கமாட்டான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை, அவனை அப்படி வளர்த்தவன் நான். அந்தக் கட்டடத்தில் மீதியிருந்த ஒரே அலாரம் அவன் மூக்குதான்.

கேன்டீனுக்குப் போன் செய்து சாசேஜும் பூண்டும் வாங்கச் சொன்னேன். விருந்தாளிகள் எதுவும் கேட்கவில்லை. பலகையையும் அப்போதுதான் திருப்பச் சொன்னேன். பிறகு பல்வலி என்று சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போய் என் இரத்தத்தைச் சோதித்துக்கொண்டேன். வரிசையை மாற்றிச் சொல்லக் கூடாது. முதலில் போன், அப்புறம்தான் இரத்தம். என் இரத்தம் நன்றாக இருந்தது. அப்படியானால் கசிவு சின்னது, ஒரு ஆள் சுற்றிவிட்டு வந்தால் ஒன்றும் ஆகாது என்று முடிவு செய்தேன். என் இடத்தில் யார் இருந்தாலும் அப்படித்தான் கணக்குப் போட்டிருப்பார்கள். அவன் அங்கே குந்தி உட்காருவான் என்று நான் கண்டேனா?

கீழ பூரா பூண்டு என்று அவன் சிரித்துக்கொண்டு சொன்னபோது எனக்குத் தெரிந்துவிட்டது. டாக்டர் கேட்டபோதும் தெரியும். அந்த வாயுவின் பெயர் ஒரு சொல். சொல்லியிருந்தால் அப்போதே இரத்தத்தை மாற்றியிருப்பார்கள். சொல்லவில்லை. விமானம் கிளம்ப இன்னும் நேரம் இருந்தது.

அன்று ஆஸ்பத்திரியில் யூ-ச்சின் தண்ணீர் கொண்டுவர வெளியே போயிருந்தபோது குன் என் சட்டைக் கையைப் பிடித்தான். கண்ணெல்லாம் மஞ்சள்.

"சீனியர், அது என் வாயில்ல. இல்லியா?"

"தூங்கு, குன்" என்றேன்.

"அப்ப டாக்டர்கிட்ட..." என்று ஆரம்பித்தான். மூச்சு வாங்கியது. என்னைப் பார்த்துக்கொண்டேயிருந்தான். அவன் என்னைத் திட்டுவான், கேலி செய்வான், அப்படிப் பார்த்ததே இல்லை. என்னால் அந்த அறையில் நிற்க முடியவில்லை. ஜன்னல் பக்கம் போனேன், கதவுப் பக்கம் போனேன். யூ-ச்சின் திரும்பி வந்தபோது அவன் கண்ணை மூடியிருந்தான். ஏதாவது சொன்னாரா என்று கேட்டாள். உன்னைத்தான் கேட்டான் என்றேன். அதற்கப்புறம் அவன் பேசவில்லை.

எல்லாவற்றையும் எழுதிக்கொண்டீர்களா? நான் லியாவ் வென்-குன்னைக் கொன்றேன் என்று எழுத வேண்டுமென்றால் எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். யூ-ச்சின் மன்னிப்பு கேட்க வேண்டியதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒரு வார்த்தை மட்டும் எனக்கு ஒப்புதல் இல்லை. உங்கள் அறிக்கையில் கம்பெனி நிர்வாகத்தைப் பற்றி "பாதுகாப்பில் அலட்சியம்" என்று ஒரு வரி இருக்கிறது. அதை எடுத்துவிடுங்கள். நான் தலைவரானதும் போட்ட முதல் உத்தரவு என்ன தெரியுமா? திருப்பி மாட்டியிருந்த பலகையை நேராக மாட்டச் சொன்னேன். கேன்டீனில் மறுபடியும் பூண்டு கிடையாது. ஹுவாங்கூடப் பாராட்டினார். பாதுகாப்பு விஷயத்தில் நான் யாருக்காகவும் விட்டுக்கொடுத்ததில்லை, மேடம்.